இரண்டாகப் பிளந்த வேலும் எங்கள் கிணற்று ராட்டினமும்

இந்தத் தொடரில் எங்கள் பசுமாடு காணாமல் போனதை எழுதிவிட்டேன். என் கல்யாணத்துப் பாயசம் தீய்ந்ததையும் எழுதிவிட்டேன். வாசலில் நிற்கிற இரும்பு கேட்டைப் பற்றி மட்டும் இத்தனை நாளாக எழுதவில்லை. பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், உடனே அடுப்பில் ஏதோ கருகுகிற மாதிரி மூக்குக்குத் தோன்றும். எழுந்து போய்விடுவேன். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது.

பயம்தான் காரணம். இந்தக் கதையில் ஒரு பெரியம்மா வருகிறார். அந்த அம்மாள் இருக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று என் நாத்தனார் மங்கை என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். போன தை மாதம் அந்தப் புண்ணியவதி நிறைந்த வயசில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இனிமே எழுதிடுங்க அண்ணி" என்றாள். கண்ணில் நீர் இருந்தது. வாயில் சிரிப்பும் இருந்தது.

அதற்கு முன்பே ஒன்று நடந்தது. ஒரு கிருத்திகையன்று எவளோ ஒரு பெண் எங்கள் கேட்டில் கதம்பத்தைச் சொருகிவிட்டு, கூட வந்தவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் ஓரம் நின்று காது கொடுத்தேன். அந்தக் கதையில் ஒரு சாமியார் வந்தார். ஆகாயத்தில் மணி அடித்தது. கேட் தானாக வழிவிட்டது. எனக்கே மெய் சிலிர்த்துப் போனது என்றால் பாருங்கள்.

ஆனால் அதில் சவரிமுத்து மேஸ்திரி இல்லை. மங்கை இல்லை. ஆட்டுக்கறியும் இல்லை.

உளியை நீட்டினார் மேஸ்திரி

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசல். வெயில் ஏறிவிட்ட நேரம். மூடிய கேட்டுக்கு முன்னால் சவரிமுத்து மேஸ்திரி நிற்கிறார், ஒரு கையில் உளி, இன்னொரு கையில் சம்மட்டி. கேட்டின் நட்டநடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு வேல். அதன் இடது பாதி ஒரு கதவில், வலது பாதி இன்னொரு கதவில். மூடினால் முருகன் கையிலிருந்து அப்போதுதான் இறங்கிய மாதிரி இருக்கும். திறந்தால் இரண்டாகப் பிளந்து இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு.

"அடிங்க மேஸ்திரி" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாட்டேங்க."

"ஏன்?"

"நான் மாதா கோயிலுக்குப் போறவன். உங்க சாமி வேல நான் அறுத்துடுவேன். நாளைக்கு உங்க வீட்ல ஒரு கன்னுக்குட்டி செத்தாலும், சவரிமுத்து அறுத்தான் அதான் செத்துதுன்னு சொல்லுவீங்க. எனக்கு எதுக்குங்க இந்த பேஜாரு? இந்தாங்க உளி. நீங்களே அறுத்துக்குங்க."

நீட்டிய உளியைப் பார்த்து என் வீட்டுக்காரர் பாம்பைப் பார்த்தவர் மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் மங்கையைப் பார்த்தேன். மங்கை தெருவைப் பார்த்தாள்.

அந்தத் தெரு வழியாகத்தான் அந்த வளர்பிறையில் விழுப்புரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள். அதற்குள் இந்த வேலுக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

ஆளுக்கு ஒரு ஆசை

இந்த வேல் எப்படி நடுவில் வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். அந்தப் பக்கம் வேர்க்கடலை என்று சொன்னால் கடைக்காரனே ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பான், மல்லாட்டைதான். அதில் முருகன் கண் திறந்து, மண் சுவர் வீட்டை இடித்துவிட்டுக் காரை வீடு கட்டத் தொடங்கினோம். நான் மயிலத்துக்குப் போய் வேண்டிக்கொண்டேன். வீடு நல்லபடி முடிந்தால் வாசலில் வேல் நிறுத்துகிறேன், அதுவரை வீட்டு அடுப்பில் கவிச்சி ஏற்ற மாட்டேன் என்று மலையடிவாரத்தில் சூடம் அணைத்துச் சொன்னேன். இதை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. அவருக்கு மீன் என்றால் உயிர்.

அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. மூட்டை ஏற்றிய இரட்டை மாட்டு வண்டி நேராக உள்ளே வர வேண்டும், அதனால் கேட் இரண்டு கதவாகத்தான் இருக்க வேண்டும் என்பார்.

"வேல் நடுவுல இருக்கணும்" என்பேன் நான்.

"கதவு ரெண்டா இருக்கணும்" என்பார் அவர்.

இதை வைத்து நாங்கள் சண்டையே போடவில்லை. அதுதான் வினை. ஒரு சண்டை போட்டிருந்தால் யாருக்காவது புத்தியில் பட்டிருக்கும்.

விழுப்புரத்துப் பட்டறை

நல்ல கை வேண்டுமென்றால் விழுப்புரத்துக்குப் போங்கள் என்றார்கள். பாசஞ்சர் வண்டியில் போனோம். ரயிலில் போக வேண்டும் என்பதற்காகவே மங்கையும் தொற்றிக்கொண்டாள். கரித்தூள் கண்ணில் விழுந்து விழுப்புரம் போய்ச் சேரும்போது மூன்று பேருக்கும் அழுத முகம்.

கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே பையன் நின்றிருந்தான். காதில் பென்சில், காக்கிச் சட்டை, நெற்றியில் கோடு கலையாத விபூதி. சவரிமுத்து பட்டறை எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "இப்படியே போயி லெப்டுல திரும்புங்க" என்று அங்கிருந்தே சொல்லியிருக்கலாம். அவன் கூடவே வந்தான். திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டியும் வந்தான். கரி விழுந்த கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டே நடந்த மங்கையை நான் பார்த்தேன். கரி எப்போதோ போய்விட்டது, அவள்தான் ஒற்றுவதை நிறுத்தவில்லை.

சவரிமுத்து மேஸ்திரி கட்டை குட்டையாக, கையெல்லாம் தீப்பொறி சுட்ட புள்ளியோடு இருந்தார். அடக்கம் என்பது அந்த மனிதரிடம் மருந்துக்கும் கிடையாது.

"விழுப்புரத்துல நான் பண்ணாத கேட்டு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ரயில்வே கேட்டு. இன்னொண்ணு மோட்சத்து கேட்டு, அதுக்குச் சாவி வச்சிருக்கிற எங்க இராயப்பர் அத பாத்துக்கறாரு. மத்ததெல்லாம் நம்ம கைதான்."

பட்டறைச் சுவரில் சாக்கட்டியால் கேட்டை அதன் முழு அளவுக்கு வரைந்தார். வேல் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று என்னைக் கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். "அப்படிக் காட்டாதீங்க, இதுல வந்து நில்லுங்க" என்று என்னைச் சாக்கட்டிக் கோட்டுக்குள் நிற்க வைத்து என் உச்சியிலிருந்து பாதம் வரை சுற்றி வரைந்தார். அதுதான் வேலின் உயரம். இன்றைக்கும் அந்த வேல் என் உயரம்தான். நான்தான் இப்போது கொஞ்சம் குறைந்துவிட்டேன்.

"நட்டநடுவுலயாமா?"

"நட்டநடுவுல."

"கதவு ரெண்டுங்களா?"

"ரெண்டு" என்றார் என் வீட்டுக்காரர்.

மேஸ்திரி ஒரு நிமிஷம் தாடையைச் சொறிந்தார். "பண்ணிடுவோம்" என்றார். பிற்பாடு இதைப் பற்றிக் கேட்டதற்கு, "கேக்கறத பண்றவன் நான். உங்க சாமிக்கு எது ஆவும், எது ஆவாதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். அதுவும் நியாயம்தானே.

கம்பிக்குச் சாம்பார் ஆகாது

கேட்டைத் திண்டிவனத்திலேயே வந்து செய்வதாகப் பேச்சு. எங்கள் கொல்லையில் உலை போட்டார், துருத்தி கட்டினார். முதல் நாள் மத்தியானம் இலை போட்டு முருங்கைக்காய் சாம்பார் ஊற்றினேன். மேஸ்திரி இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கறி இல்லீங்களா?"

"வேண்டுதல் மேஸ்திரி. வீடு முடியிற வரைக்கும் கவிச்சி இல்ல."

"யம்மா, இரும்பு அடிக்கிறவனுக்குச் சாம்பார் போட்டா, கம்பியும் சாம்பார் மாதிரி வழவழன்னுதான் வரும். அப்புறம் மேஸ்திரி கை சரியில்லன்னு சொல்லக் கூடாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கறி போட்டால் முருகன் கோபிப்பார், போடாவிட்டால் முருகனுடைய வேல் வழவழவென்று வரும். நான் எந்தப் பக்கம் போவது?

மங்கைதான் வழி பண்ணினாள். "நீங்க வேண்டிக்கினது உங்க அடுப்புக்குதானே அண்ணி? மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால நான் மூணு கல்லு வைக்கிறேன். அது யாரு அடுப்பும் இல்ல."

அப்படியே செய்தாள். மிளகும் கொத்தமல்லியும் அம்மியில் அரைத்து அவள் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை தெருக்கோடிவரை போனது. என் வீட்டுக்காரருக்கு அந்த நாட்களில் மாடுகள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மத்தியானம் ஆனால், "கொட்டாய்ல மாடு இன்னா பண்ணுதுன்னு பாத்துட்டு வர்றேன்" என்று போவார். மீசையைத் துடைத்துக்கொண்டே வருவார். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேண்டிக்கொண்டது நான்தானே.

வெள்ளிக்கிழமை மட்டும் மேஸ்திரி கறி வேண்டாம் என்பார். "எங்க வேதத்துல இன்னிக்கு ஆவாது." அன்றைக்கு எல்லோரும் ஒரே சாம்பார். அன்றைக்கும் கம்பி நன்றாகத்தான் வளைந்தது. அதை நான் சுட்டிக்காட்டியபோது மேஸ்திரி காது கேளாதவர் மாதிரி துருத்தியை வேகமாக மிதித்தார்.

பசு பின்வாங்கியது

கேட்டை நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. கம்பியோடு கம்பியாக உலையிலேயே ஒட்ட வைத்த வேல். ஒட்டு எங்கே என்று தடவினாலும் தெரியாது. வேலின் இலையில் நரம்பு ஓடுவதுபோல மெல்லிய கோடு இழைத்திருந்தார். பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். மேஸ்திரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார், கல்யாணத்தில் மொய் வாங்குகிறவர் மாதிரி.

கிரகப்பிரவேசத்தன்று நாதஸ்வரம் வாசிக்க, பசுவையும் கன்றையும் முன்னால் விட்டு, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, என் வீட்டுக்காரர் முருகா என்று கேட்டை இழுத்தார்.

வேல் இரண்டாகப் பிளந்தது.

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். "ஐயையோ, வேலப் பொளக்குறாங்களே!" என்று பூக்காரம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். பசு ஒரு அடி பின்னால் போனது. தவில் சத்தத்துக்குத்தான் அது மிரண்டிருக்கும். ஆனால் அன்றைக்கு யார் அப்படி எடுத்துக்கொண்டார்கள்?

நான் பூஜை அறைக்கு ஓடினேன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாக வாழை இலையில் மடித்து முருகன் படத்து முன்னால் போட்டேன். திறக்கலாம் என்றால் வெள்ளை வர வேண்டும், கூடாது என்றால் சிவப்பு. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு. "சரியா குலுக்கல, இன்னொரு தடவ போடு" என்றார் என் வீட்டுக்காரர். போட்டேன். சிவப்பு.

அன்றிலிருந்து கேட்டை யாரும் திறக்கவில்லை.

கொட்டாய் வழி

புது வீட்டுக்கு முன்வாசல் இருந்தும் நாங்கள் மாட்டுக் கொட்டாய் வழியாகப் போய் வந்தோம். சாணியைத் தாண்டி, வைக்கோல் போரைச் சுற்றி, குனிந்து உள்ளே வர வேண்டும். மல்லாட்டை வண்டி தெருவிலேயே நிற்கும், மூட்டையை மதில் மேலாக எறிவார்கள். இரட்டைக் கதவு கேட்ட என் வீட்டுக்காரர் மூட்டையைப் பிடித்துப் பிடித்துத் தோள் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டார்.

இதற்குள் கேட் கோயிலாகிவிட்டது. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் நடக்கிற காவடிக்காரர்கள் நின்று சூடம் கொளுத்தினார்கள். பிள்ளை வேண்டியவர்கள் கம்பியில் சின்னச் சின்ன மணி கட்டினார்கள். ஒரு நாள் காலையில் கோலம் போட எழுந்தால் எனக்கு முன்னால் யாரோ என் வாசலில் கோலம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "நம்ம வீட்டுக்கு நாமளே வரிசையில நிக்க வேண்டி வரும்போல" என்றாள் மங்கை.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் வரன் வந்தது. தரகர் விழுப்புரம் என்றார், ரயில்வே கூட்ஸ் ஷெட் என்றார். மங்கை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அதே பையன்தான். எனக்குப் புரிந்தது, என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. ஆண்களுக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் ஏறும்.

சந்தோஷத்தில் ஒரு முள் இருந்தது. தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்தது பெரியம்மா. அவர் சொல்வதுதான் முடிவு. அவர் சகுனம் பார்ப்பதில் பேர் போனவர். எண்ணெய்க் குடம் எதிரே வந்தது என்று ஒரு வீட்டுக்குப் போகாமலே பாதி வழியில் திரும்பியவராம். மங்கைக்கு அதற்கு முன்னாலேயே இரண்டு இடம் சகுனத்தில்தான் தட்டிப்போயிருந்தது. ஒரு தடவை பல்லி, இன்னொரு தடவை பூனை.

அப்படிப்பட்ட பெரியம்மாவின் முகத்துக்கு நேராக வேலை இரண்டாகப் பிளப்பதா? சம்பந்தம் பேச வருகிறவர்களைச் சாணியைத் தாண்டிக் கொட்டாய் வழியாக வாருங்கள் என்பதா?

"இந்த தடவ போச்சுன்னா இன்னொரு தடவ யார் எதிர்லயும் காபி எடுத்துக்கினு வந்து நிக்க மாட்டேன் அண்ணி" என்றாள் மங்கை. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

உடனே விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பினோம். வேலை அறுத்து எடுத்துத் தூண் மேல் வைத்துவிடலாம் என்று யோசனை. மேஸ்திரி வந்தார். அதற்கப்புறம் நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். உளி, சம்மட்டி, "நீங்களே அறுத்துக்குங்க".

கிறீச்

"சரி, முதல்ல சாப்புடுங்க மேஸ்திரி" என்றாள் மங்கை. வேலுக்கு ஒரு வழி பிறக்கும்வரை வேண்டுதல் முடிந்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் மூன்று கல் அடுப்பு மறுபடி எரிந்தது.

மேஸ்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். மங்கை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கிணற்று ராட்டினம் எப்போதும் ஊமை. அன்றைக்கு என்னவோ, கிறீச் என்று ஊரையே கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. மேஸ்திரி நிமிர்ந்து ராட்டினத்தைப் பார்த்தார். கழுவிய கை அப்படியே சொட்டிக்கொண்டிருக்க, கயிறு ஓடுகிற அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, நீங்க விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டு கதவப் பாத்திருக்கீங்களா?"

"கதவையா பாத்தேன்? கரி விழுந்து கண்ணே தெரியல."

"அது மத்த கதவு மாதிரி தொறக்காது. நவுரும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் ஈரக் கையால் காற்றில் தள்ளிக் காட்டினார். "ரெண்டு கதவையும் ஒண்ணா சேத்து முடுக்கிடுறேன். பொளவே இருக்காது. கீழ ரெண்டு ராட்டினம், அதுக்கு அடியில ஒரு இரும்புப் பட்டை. மதிலுக்கு உள்பக்கமா ஒட்டிக்கினே நவுந்து போயி மறைஞ்சிடும். வேல் முழுசா போவும், முழுசா வரும்."

"சாமிய நகத்துறது தப்பில்லையா மேஸ்திரி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, உங்க சாமி தேர்ல போறதே இல்லியா?"

நான் மறுபடி பூஜை அறைக்கு ஓடினேன். பூ போட்டேன். வெள்ளை!

"ஜல்தி, ஜல்தி" என்று மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார். எங்கள் ராட்டினத்தைக் கழற்றினார். இன்னொன்றுக்குப் பக்கத்து வீட்டில், எங்களுடையது உடைந்துவிட்டது, இரவல் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினோம். அவர்கள் வீட்டு ராட்டினம் இன்றைக்கும் முருகனைச் சுமந்துகொண்டிருக்கிறது. என் அவரைப் பந்தல் வழியில் நின்றது, அதைப் பிடுங்கினார்கள். ராட்டினம் கத்தாமல் இருக்க விளக்கெண்ணெயைக் கொட்டினார்கள். உட்பக்கத்துக் கோடியில் ஒரு தாம்புக்கயிறு கட்டினார்கள், அதிலும் அந்த எண்ணெய் ஊறியது. மதிலுக்குப் பின்னால் நின்று அதை இழுத்தால் கேட் நகரும், தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு ஆள் தெரியாது.

பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு

கயிற்றை மேஸ்திரி இழுப்பதாகத்தான் ஏற்பாடு. பெண் பார்க்க வருகிற அன்றைக்குக் காலையில் அவரைத் தேடினால் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தெருவில் கேட்டுக்கு எதிரே நிற்கிறார்.

"மேஸ்திரி! உள்ள வாங்க, கயிறு யாரு இழுக்கறது?"

"யாராவது இழுங்கமா. இத பாக்குறவங்க மூஞ்சிய நான் பாக்கணும். பண்ணவன் பாக்க வேணாமா?"

குதிரை வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் சந்தனப் பேலாவோடு தெருவில் நிற்கிறார். என் இரண்டு கையிலும் ஆரத்தித் தட்டு. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

கல்யாணப் பெண்ணைக் கூப்பிட்டால்தான் அவள் அறையை விட்டு வர வேண்டும் என்பது முறை. எங்கள் கல்யாணப் பெண் கூப்பிடாமலே வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கி இடுப்பில் சொருகினாள், வளையலை முழங்கைக்கு ஏற்றினாள், மதிலுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தாள். "நீங்க தட்ட ஆடாம புடிங்க அண்ணி, அது போதும்" என்றாள்.

வண்டி நின்றது. பெரியம்மா இறங்கினார். வேலைப் பார்த்தார், மணிகளைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "இது வீடா, கோயிலா?" என்று கேட்பது எனக்குக் கம்பி வழியாகக் கேட்டது.

மங்கை இழுத்தாள்.

கேட் ஒரு தரம் நடுங்கியது. கம்பியில் கட்டியிருந்த அத்தனை மணியும் ஒன்றாக ஒலித்தன. கடகடவென்று தேர்ச் சக்கரம் உருளுகிற மாதிரி சத்தத்தோடு வேல் முழுசாக, பூவோடும் விபூதியோடும், யாரும் தொடாமல் ஒரு பக்கமாக நகர்ந்து வழிவிட்டது. வழியின் நடுவில் ஆரத்தியோடு நான்.

பெரியம்மாவின் இரண்டு கையும் தலைக்கு மேல் போயின. "அரோகரா!"

பின்னால் வந்தவர்களும் அரோகரா என்றார்கள். குதிரை வண்டிக்காரரும் சொன்னார். முன்கூட்டியே எல்லாம் தெரிந்த என் வீட்டுக்காரரும் சந்தனத்தைச் சிந்திக்கொண்டு அரோகரா என்றார். எல்லா முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்து மேஸ்திரி, பழக்கதோஷத்தில் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"யாருங்க தொறந்தது?" என்று பெரியம்மா கும்பிட்ட கையை இறக்காமலே கேட்டார்.

"எல்லாம் அவன் செயல்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. கத்தரிக்காய் சொத்தையாக இருந்தாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

விளக்கெண்ணெய் வாசனை

மங்கை காபி கொண்டுவந்தாள். முகத்தில் வியர்வை. வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். டம்ளரை நீட்டினாள். மாப்பிள்ளைப் பையன் வாங்கினான். டம்ளர் வழுக்கியது. சரியான நேரத்தில் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

விரலை மூக்கருகே கொண்டுபோனான். விளக்கெண்ணெய். அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தான். குறுக்கே சிவப்பாகக் கயிற்றுத் தழும்பு. அப்புறம் வாசல் பக்கம் திரும்பிக் கேட்டின் அடியைப் பார்த்தான், கொல்லைப் பக்கம் திரும்பிக் கிணற்றைப் பார்த்தான். தினமும் கூட்ஸ் ஷெட் கதவைத் தள்ளுகிறவன் அல்லவா!

"ஒண்ணு கேக்கணும்" என்றான் அவன். "உங்க கிணத்துல ராட்டினத்தக் காணோமே. தண்ணி எப்படி எடுக்குறீங்க?"

"பொண்ணு பாக்க வந்த எடத்துல கேக்குற கேள்வியாடா இது?" என்று பெரியம்மா அதட்டினார்.

மங்கை தலை நிமிரவில்லை. "கயித்தப் புடிச்சுக் கையாலதான் இழுக்கணும்" என்றாள்.

"அப்போ கையில நல்ல பலம்" என்றான் அவன். காபியை ஒரே மடக்கில் குடித்தான். "பெரியம்மா, எனக்குச் சம்மதம்."

"சாமியே வழி விட்டுட்டாருடா, உன் சம்மதத்த யாரு கேட்டாங்க?" என்றார் பெரியம்மா. தாம்பூலம் அன்றைக்கே மாற்றிக்கொண்டோம். மேஸ்திரிக்கு முதல் தாம்பூலம் கொடுத்தோம். கறி இல்லையா என்று கேட்டார்.

எழுதி முடிக்குமுன்

பெரியம்மா அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் வந்து எங்கள் கேட்டுக்கு மாலை போட்டார். ஒவ்வொரு தடவையும் மங்கை மதிலுக்குப் பின்னால் ஓடுவாள், இரண்டு பிள்ளை பெற்ற பிறகும். மாப்பிள்ளை, "நான் இழுக்கறேன், நீ சும்மா நில்லு" என்று அவள் பின்னாலேயே ஓடுவார். பெரியம்மாவை ஏமாற்றினோமா என்று நான் பல நாள் விளக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வள்ளியைக் கட்டிக்கொள்ளக் கிழவன் வேஷம் போட்டவர் முருகன். ஒரு கயிற்றுக்காகவா கோபிப்பார்? அதுவுமல்லாமல், என்றும் ஊமையாக இருந்த ராட்டினத்தை அந்த நேரம் பார்த்துக் கிறீச்சிட வைத்தது யார் என்று என்னைக் கேட்டால், நான் மயிலம் இருக்கிற திசையைத்தான் கும்பிடுவேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்று யாராவது கதை சொன்னால் இதைச் சொல்லுங்கள். உங்கள் பெண்களுக்கும் மருமகள்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். மங்கையின் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிடாதீர்கள். சவரிமுத்து மேஸ்திரிக்குக் காவி கட்டிவிடாதீர்கள். தயவுசெய்து, அந்த ஆட்டுக்கறியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அந்த மனுஷன் கை கழுவக் கிணற்றடிக்கே போயிருக்க மாட்டார்.